புதுப்பிப்பு: மக்காச்சோளக் கணினி மாதிரி விளைச்சலைக் கூட்டிக் காட்டியது, காரணம் கிடைத்தது

உதவியவர்களுக்கு நன்றி. கேள்வி இதுதான்: டிசாட் என்ற பயிர்க் கணிப்பு மென்பொருளில் சீரிஸ்-மெய்ஸ் என்ற மக்காச்சோள மாதிரியை ஓட்டினால் வெயில் காலப் பயிருக்கு விளைச்சல் எக்கச்சக்கமாக வந்தது, பட்டு (கதிர் நுனியின் பெண்பூ இழை) வெளிவரும் நாளும் வயலில் கண்டதைவிட 3 நாள் தள்ளிப்போனது.

"ஜி2, ஜி3-ஐத் தொடாதீர்கள், பூக்கும் நாளை முதலில் சரிசெய்யுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. (இவை மாதிரியில் ரகத்துக்கு ரகம் மாறும் எண்கள்: ஜி2 செடிக்கு அதிகபட்ச மணி எண்ணிக்கை, ஜி3 மணி நிரம்பும் வேகம்.) பி1 என்பது முளைத்ததிலிருந்து இளம்பருவம் முடியும் வரை நாள்தோறும் சேரும், 8 டிகிரிக்கு மேலான வெப்பக் கூட்டு. சராசரி 30 டிகிரி என்றால் நாளுக்குச் சுமார் 22 சேரும். ஆகவே 3 நாளுக்கு 66. அதை மனதில் வைத்து பி1-ஐப் படிப்படியாகக் குறைத்ததும் தேதி பொருந்தியது. பிறகு முதிர்ச்சி நாளை வைத்து பி5 (பட்டு முதல் முதிர்ச்சி வரையிலான வெப்பக் கூட்டு). ஜி2, ஜி3 கடைசியில்தான், அதுவும் தண்ணீர், உரம் குறையாத பாத்தியின் மணி எண்ணிக்கை, மணி எடையை வைத்து.

எதிர்பாராதது ஒன்று. பட்டு வரும் வாரத்தில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டிய விதைப்புக்கு மட்டும் மாதிரியில் விளைச்சல் இன்னும் கூடுதலாகவே வருகிறது. வயலில் கதிரைப் பிரித்தால் பாதி மணி கட்டவில்லை. மாதிரியிலோ கதிர் நிறைந்திருக்கிறது. அது மணி எண்ணிக்கையை அந்த நாட்களின் ஒளிச்சேர்க்கையிலிருந்து கணக்கிடுகிறது, சூட்டில் மகரந்தம் சாவதைப் பார்ப்பதில்லை. இதை மறைக்க ஜி2-ஐக் குறைத்துப் பார்த்தேன்: குளிர்காலப் பயிரின் கணக்கு கெட்டது. பழைய மதிப்புக்கே திரும்பிவிட்டேன். சூட்டில் சிக்கிய அந்த விதைப்பை, மாதிரியைச் சரிசெய்யும் கணக்கிலிருந்து விலக்கியாயிற்று.