பழைய திங்க்பேட் டி430: ப்ராசசரை மாற்றினால் வீடியோ வேலை வேகமாகுமா?

மஸ்கெலியா ஆசிரியர்:
வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என்னிடம் இருப்பது லெனோவோ திங்க்பேட் டி430, ஒருவர் பாவித்துவிட்டு விற்றது. உள்ளே ஐ5-3320எம் ப்ராசசர், 8 ஜிபி ரேம்.

மாசியில் எங்கள் தோட்டத்தில் நடந்த காமன் கூத்தை, அதாவது மன்மதன், ரதி கதையை ஆடிப் பாடும் கூத்தை, மூன்று இரவுகள் போனில் படம்பிடித்தேன். பாட்டு முழுவதும் தெரிந்த கூத்து மாஸ்டருக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. அவர் இருக்கும்போதே வரிகளைக் கேட்டெழுதி, படத்தின் கீழே போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் ரதி அழும் கட்டம், நாற்பது நிமிடம்தான், அதை ஷாட்கட் என்ற வீடியோ வெட்டும் மென்பொருளில் முழுப் படமாக வெளியே எடுக்க நான்கு மணித்தியாலம் போகிறது. வெட்டி ஒட்டும்போதே படம் திக்குகிறது, தப்பு மேளத்தின் சத்தம் ஒரு பக்கம், கை அசைவு ஒரு பக்கம். மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு.

கடையொன்றில் கேட்டேன். மடிக்கணினியில் ப்ராசசரை மாற்றவே முடியாது, புதிது வாங்குங்கள் என்றார்கள். புதிது வாங்க இப்போது வழியில்லை. அவர்கள் சொன்னது சரியா?

பண்டாரவளை வாசகர்:
முதலில் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போடுங்கள் சார். பழைய மெஷினுக்கு அதைப்போல மருந்து வேறில்லை.

மஸ்கெலியா ஆசிரியர்:
போன வருடமே போட்டுவிட்டேன் தம்பி. திறப்பது வேகம், வீடியோ மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

ஹட்டன் பழுதுபார்ப்பவர்:
சார், கடையில் சொன்னது இன்றைய மடிக்கணினிகளுக்குச் சரி, உங்களுடையதற்குப் பிழை. ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெலின் மடிக்கணினி ப்ராசசர்கள் மதர்போர்டோடு சேர்த்தே ஒட்டப்பட்டு வருகின்றன. அதற்கு முன்னும் பெயர் யூ என்ற எழுத்தில் முடிந்தால் அதே கதைதான். 2012இல் வந்த டி430இல் சாக்கெட், அதாவது ப்ராசசரைக் கழற்றி மாட்டும் குழி, இருக்கிறது. பக்கத்திலுள்ள ஒரு திருகைத் தட்டை முனைத் திருப்புளியால் அரைச் சுற்றுத் திருப்பினால் ப்ராசசர் கையோடு வந்துவிடும்.

ஆனாலும் காசு கொடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, போன் கேமராவின் அமைப்பைப் பாருங்கள். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை எச்.265 என்றோ எச்இவிசி என்றோ (இரண்டும் ஒன்றுதான்) இருந்தால், படம் திக்குவதற்கு அதுதான் பெரிய காரணம். உங்கள் மெஷினின் எச்டி 4000 கிராபிக்சுக்கு அந்த வகை வீடியோவைப் பிரிக்கத் தெரியாது, முழுச் சுமையும் ப்ராசசரின் தலையில் விழும். இனி பழைய முறையான எச்.264இல் எடுங்கள். எடுத்து முடிந்தவற்றுக்கு ஷாட்கட்டில் ப்ராக்ஸி வசதியைப் போடுங்கள். வெட்டும்போது சிறிய பிரதி ஓடும், கடைசியில் வெளியே எடுக்கும்போது மூலப்படம் வரும்.

அடுத்தது, கழற்றித் துப்பரவு செய்யுங்கள். லயத்து வீடுகளிலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, வரும் மெஷின்களை நான் நிறையத் திறந்திருக்கிறேன். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி, விறகடுப்புப் புகையின் பிசுக்கோடு சேர்ந்து, கம்பளித் துண்டுபோலப் படிந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டினால் போகாது, ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வரும். அது இருக்கும்வரை ப்ராசசர் சூட்டுக்குப் பயந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டே இருக்கும். புதிதாக எதைப் போட்டாலும் அதே கதி.

இவ்வளவும் செய்த பிறகும் மாற்ற விரும்பினால் ஐ7-3632கியூஎம் தேடுங்கள். உங்களுடையதில் வேலை செய்யும் கோர் இரண்டு, அதில் நான்கு. இரண்டும் 35 வாட் என்பதால் இருக்கிற விசிறியே போதும். 3720கியூஎம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள், அது 45 வாட், சூடு கூடும். எதை வாங்கினாலும் உங்களுடையதைப்போலக் கட்டாயம் மூன்றாம் தலைமுறையாக இருக்க வேண்டும். நான்காவதின் சாக்கெட் வேறு, உட்காராது. பழைய சாமான்தான் கிடைக்கும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விசாரித்துப் பாருங்கள். வாங்கும்போது அடியிலுள்ள ஊசிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் வேண்டாம். மெஷினைத் தொடக்கி வைக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, பழைய ப்ராசசரோடேயே ஒரு தடவை இயக்கிப் பார்த்த பிறகு மாற்றுங்கள். சார்ஜர் 65 வாட் என்றால் 90 வாட் ஒன்று எடுப்பது நல்லது.

நுவரெலியா வாசகி:
ஒரு விடயம் சேர்க்கிறேன் சார். எங்கள் பக்கத்துக் குளிரில் வெளியே கொண்டுபோன மெஷினை, அடுப்பெரியும் அறைக்குக் கொண்டுவந்தவுடன் திறக்காதீர்கள். உள்ளே நீர் பூத்திருக்கும். பையோடு அரை மணித்தியாலமாவது வைத்திருங்கள். என் தங்கையின் மெஷின் அப்படித்தான் பழுதானது.

மஸ்கெலியா ஆசிரியர்:
இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். ஹட்டன் அண்ணா, நீங்கள் சொன்ன கம்பளித் துண்டு அப்படியே இருந்தது. உரித்துப் பாடசாலை மேசையில் வைத்தேன், பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள். என் போனும் எச்இவிசியில்தான் எடுத்திருக்கிறது. ப்ராக்ஸி போட்டதும் தப்பும் கையும் ஒன்றாக வந்தன. துப்பரவுக்கும், ப்ராசசர் மேல் பூசும் புது வெப்பப் பேஸ்ட்டுக்கும் பிறகு அதே நாற்பது நிமிடத்துக்கு மூன்று மணித்தியாலமும் கொஞ்சமும். போன கிழமை 3632கியூஎம் கிடைத்தது, போட்டேன். இப்போது ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம். வெளியே எடுக்கும்போது வெப்பம் 86 பாகைவரை போகிறது. பயப்பட வேண்டுமா?

ஹட்டன் பழுதுபார்ப்பவர்:
முழுச் சுமையில் 86 என்றால் பயமில்லை சார். 95ஐத் தொட்டால் விசிறியைப் பாருங்கள். மாஸ்டருக்குப் போட்டுக் காட்டினீர்களா?

மஸ்கெலியா ஆசிரியர்:
காட்டினேன். இரண்டு வரியை நான் பிழையாக எழுதியிருக்கிறேன் என்று நிறுத்தச் சொல்லி, பாடிக் காட்டினார். இன்று இரவு திருத்திவிட்டு மறுபடியும் வெளியே எடுக்கிறேன்.