தாடை ஆபரேஷனுக்கு அப்புறம் முகத்தை எப்ப அளக்கணும்?

பாலக்கோடு தம்பி: தங்கச்சிக்கு கீழ்த்தாடை ஆபரேஷன் முடிஞ்சு 6 வாரம் ஆச்சுங்க, இன்னும் ஒரு பக்கம் கன்னம் உப்பலா இருக்கு, கண்ணாடி முன்னாடி நூல் வச்சு அளந்து அளந்து அழுவுறா, தர்மபுரியிலயே ஸ்கேன் எடுத்துரலாமா?

ஓசூர் அக்கா: இப்ப அளக்காதீங்க தம்பி. வீக்கம் முழுசா அடங்க 6 மாசத்துலருந்து 1 வருஷம்கூட ஆகும். எனக்கு பக்கவாட்டு எக்ஸ்ரேல எஸ்என்ஏ, எஸ்என்பி கோணம் (மண்டையோட்டு அடிப்பாகத்த வச்சு மேல்தாடை, கீழ்த்தாடை எவ்ளோ முன்ன பின்ன இருக்குன்னு காட்டுறது) பாத்தாங்க, சராசரி 82, 80 டிகிரி, ஆனா அது எலும்பைத்தான் சொல்லும், கன்னத்து சதையை சொல்லாது.

காவேரிப்பட்டணம்: சதைக்கு 3டி போட்டோதான் சரி. முன்ன எடுத்ததையும் பின்ன எடுத்ததையும் மாறாத நெத்திய வச்சு ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி, எங்க எத்தனை மில்லிமீட்டர் நகந்திருக்குன்னு கலர்ல காட்டும். மொதல்ல தங்கச்சி கையிலருந்து அந்த அளக்குற நூலை வாங்கி வைங்க. வீக்கம் திடீர்னு கூடினா, காய்ச்சல் வந்தா மட்டும் காத்திருக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிருங்க.