மூணு சேந்தா நிக்குது, ரெண்டு சேந்தா விழுகுது: உங்களுக்கும் இப்படி ஆச்சுங்களா?

கோபிக்காரன்:
எம்எஸ்சி படிக்கறப்ப செமினாருக்கு எனக்கு விழுந்தது லித்தியம்-11ங்கற அணுக்கரு, அதாவது நியூக்ளியஸ்ங்க. 1985ல ஜப்பான் விஞ்ஞானி தனிஹாட்டா குரூப்பு அமெரிக்கால பெர்க்லில அளந்து பாத்து, இத்தனூண்டு நியூக்ளியஸ் ஏன் இவ்ளோ பெருசா இருக்குதுன்னு அசந்து போனாங்கல்ல, அதேதான். நடுவுல லித்தியம்-9, வெளிய ரெண்டு நியூட்ரான். ரெண்டு நியூட்ரான மட்டும் விட்டா ஒட்டாது, லித்தியம்-9கூட ஒரே ஒரு நியூட்ரான் சேந்தாலும் ஒட்டாது, மூணும் ஒட்டுக்கா இருந்தாத்தான் நிக்கும். ஒரு வாரம் மண்டை காஞ்சு போச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போனா காட்டுல சோளத்தட்டு கட்டு கட்டா நிறுத்திட்டு இருந்தாங்க, நானும் ரெண்டு கட்ட ஒண்ணுமேல ஒண்ணு சாச்சேன், பொத்துனு விழுந்துருச்சு. "ஏங்கண்ணு, மூணாங்கட்டு ஒண்ணு கொண்டா"ன்னாரு அப்பாரு. நின்னுச்சு!

அதையே செமினார்ல சொன்னேன், கை தட்டுனாங்க. கடைசில எங்க சார் மெதுவா கேட்டாரு, "தட்டுக்கட்டு ஒண்ண ஒண்ணு தொட்டுட்டு நிக்குது தம்பி, உன்ர நியூட்ரான் பாதி நேரத்துக்கு மேல விசை எட்டாத தூரத்துலயில்ல சுத்துது?" வாயடைச்சுப் போச்சுங்க.

பொள்ளாச்சி வாத்தியார்:
உங்க சார் கேட்டதுதாங்க முக்கியமான எடமே. எட்டாத தூரத்துல இருக்கறதாலதான் உள்ள என்ன விசைங்கற வெவரமே தேவைப்படாம போகுது. அதனாலதான் ரெண்டு ரெண்டா ஒட்டாதது மூணா சேந்தா ஏணிப்படி மாதிரி நெலை நெலையா ஒட்டும்னு எஃபிமோவ்ங்கற விஞ்ஞானி 1970ல நியூக்ளியஸ மனசுல வெச்சு எழுதுனது, 2006ல இன்ஸ்ப்ரூக்ல சீசியம் அணுவுல மாட்டுச்சு, 2015ல ஃப்ராங்க்ஃபர்ட்ல மூணு ஹீலியம் அணுவுலயும். ஒரே மாதிரி மூணு போசான்னா (ஒரே நெலைல எத்தன வேணாலும் சேந்து இருக்கற வகைத் துகள்) ஒவ்வொரு நெலையும் முந்துனத விட 22.7 மடங்கு பெருசு, ஒட்டிப் புடிக்கற பிடிப்பு 515 மடங்கு லேசு. பசங்களுக்கு நான் சொல்றது: 1 மில்லிமீட்டர் கடுகு, அடுத்தது நெல்லிக்கா, அடுத்தது அர மீட்டர் அண்டா, அதுக்கடுத்தது நம்மூர் தென்னமரம். நடுவால சைஸே கெடையாது. ஒருத்தன் எந்திரிச்சு "அப்ப தேங்கா எங்கீங்க சார்"னு கேட்டுப்போட்டான், அன்னைக்கு கிளாஸ் அதோட முடிஞ்சுது.

ஆனா இந்த ஏணிய, லித்தியம்-11 மாதிரி நியூட்ரான் வெளிய தள்ளிச் சுத்தற ஹாலோ நியூக்ளியஸ்ல இன்னும் யாரும் பாக்கலைங்க. சீசியத்துல காந்தப்புலத்த திருகி, அணுக்க ஒண்ணையொண்ணு இழுக்கற பலத்த வேணுங்கற எடத்துல வெச்சுக்கலாம், நியூக்ளியஸ்ல திருகறதுக்கு ஏதுங்க குமிழு, இருக்கறத வெச்சுத்தான் பொழைக்கோணும்.

கோபிக்காரன்:
குமிழு மேட்டர் சூப்பருங்க சார். அப்பாருகிட்ட போன்ல சொன்னேன், தொடாமயே நிக்குதுங்கப்பாருன்னு. "அப்ப காத்தடிச்சா?"ன்னாரு. சாதாரண நியூக்ளியஸ்ல ஒரு நியூட்ரான பேக்கோணும்னா பொதுவா 6, 8 எம்இவி (நியூக்ளியஸ் ஆற்றல அளக்கற அலகு) வேணும், இதுல ரெண்டையும் சேத்துப் பேக்கவே 0.37 எம்இவி போதும், லேசா தட்டுனா போச்சு. "விழுந்துரும்ங்கப்பாரு"ன்னேன். "அப்ப நம்ம தட்டுதான் மேலு"ன்னு போன வெச்சுட்டாரு.