சொந்த மாநிலத்து ஊர்களுக்கே போகாமல் இருக்கிறோமே, ஏன்?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். போன வாரம் மாநில வரைபடத்தை விரித்து வைத்து, நானும் தங்கையும் இதுவரை போன ஊர்களுக்குப் பென்சிலால் வட்டம் போட்டோம். மொத்தமே ஆறு வட்டம். அதிலும் நான்கு ஊர்கள், கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ போய், மண்டபத்தையும் பேருந்து நிலையத்தையும் மட்டும் பார்த்துவிட்டு அன்று இரவே திரும்பியவை. மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது.

தூரத்து ஊர் என்றால் முன்கூட்டியே டிக்கெட் எடுத்து, லீவு சொல்லி, தேதியைக் குறித்துவிடுகிறோம். பக்கத்து ஊரை மட்டும் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே வருடங்கள் ஓடிவிடுகின்றன. அப்புறம் பேருந்து, ரயில் எல்லாம் பெரும்பாலும் பெரிய நகரத்தை நோக்கியே போகின்றன, இரண்டு சின்ன நகரங்களுக்கு நடுவே நேரடி வண்டி கிடைக்காமல் வழியில் இரண்டு முறை மாறினால் பாதி நாள் போச்சு, கூட வயதானவர்கள் இருந்தால் கிளம்பவே மனம் வராது.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். சொந்தக்காரரும் இல்லாத, வேலையும் இல்லாத ஓர் ஊருக்கு, பார்ப்பதற்காக மட்டுமே போயிருக்கிறீர்களா? எது உங்களைக் கிளப்பியது? போகாதவர்களும் சொல்லுங்கள்: காசா, லீவா, துணை இல்லாததா? தனியாகப் போகும் பெண்கள் தங்குமிடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கொஞ்சம் விரிவாக எழுதினால் தங்கைக்கு உதவும். அடுத்த மாதம் அவளுக்கு இரண்டு நாள் லீவு இருக்கிறது.