கார்வெட் இஸட்06-ஆ, போர்ஷே 911 ஜிடி3-ஆ? ஓட்டினவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, நான் ஆஸ்டின்ல இருக்கேன், இங்க இருக்கிற சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் ரேஸ் ட்ராக்ல ட்ராக் டே (நம்ம சொந்த காரையே ட்ராக்ல ஓட்டுற நாள்) போறதுக்குன்னே ஒரு கார் எடுக்கணும், செகண்ட் ஹேண்ட்தான். நம்பர பாத்தா கார்வெட் பக்கம்தான் மனசு போகுது, 5.5 லிட்டர் வி8, டர்போவே இல்லாம 670 எச்பி, 8,600 ஆர்பிஎம் வரைக்கும் போகுது, ஃபெராரி மாதிரி ஃப்ளாட் ப்ளேன் கிராங்க் (ரேஸ் இன்ஜின் டைப் கிராங்க் ஷாஃப்ட்) வேற, அந்த சத்தம் இருக்கே, அடடா!! 911-ஓட 992 தலைமுறை ஜிடி3-ல 4 லிட்டர் ஃப்ளாட் சிக்ஸ் (படுத்த வாக்குல ஆறு சிலிண்டர்), 500 எச்பி சொச்சம்தான், ஆனா 9,000 வரை ஏறும், வெயிட்டும் கம்மி, முக்கியமா 6 ஸ்பீடு மேனுவல் கிடைக்குது. இந்த இஸட்06-ல டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் மட்டும்தான், எனக்கு அது பெரிய குறை.

11-வது வளைவு தாண்டினதும் வர்ற நீள ஸ்ட்ரெய்ட்ல கார்வெட் பறக்கும், சரி. அது முடிஞ்சு 12-ல ஓங்கி பிரேக் அடிக்கணுமே, டெக்சாஸ் வெயில்ல அரை மணி நேரம் விடாம ஓட்டினா பிரேக்கும் ஆயில் சூடும் எதுல நல்லா தாங்குது? இன்ஜின் பின்னாடி இருக்கிற 911 கைக்கு பழக ரொம்ப நாள் ஆகுமா? டயர், பிரேக் பேட் செலவு எதுல கடிக்குது? ரெண்டையும் ட்ராக்ல ஓட்டினவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் விவரமா எழுதுங்க ப்ளீஸ், அடுத்த மாசத்துக்குள்ள முடிவு பண்ணணும்.