மேயோ (அயர்லாந்து) தமிழ்க் குடும்பங்கள் குழு: ராத்திரி கத்துகிற பறவை

புது வீடு தம்பி, அதிகாலை 2:20
யாராவது விழித்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் பதினொரு மணியிலிருந்து ஏதோ ஒன்று நிறுத்தாமல் கத்துகிறது. கிரெக் கிரெக், கிரெக் கிரெக் என்று ஒரே தாளம். குழந்தை தூங்கவே இல்லை, மனைவிக்குக் காலையில் டியூட்டி. தவளையா பூச்சியா என்றே தெரியவில்லை.

காஸில்பார் அண்ணன், காலை 6:45
ஏதாவது மெஷின் ஓடுகிறதோ என்னவோ. வீட்டுக்காரரிடம் கேளுங்கள் தம்பி.

பெல்முல்லட் அக்கா, காலை 7:10
தம்பி, சீப்பின் பல்லில் நகத்தால் இழுத்த மாதிரி இரண்டு இரண்டாகக் கேட்கிறதா?

புது வீடு தம்பி
ஆமாம் அக்கா, அதேதான்!

பெல்முல்லட் அக்கா
அது கார்ன்கிரேக். சந்தேகமே இல்லை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் அது வந்திருக்கிறது என்றால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஒரு காலத்தில் அயர்லாந்து முழுக்க, டப்ளின் ஓரத்து வயல்களில்கூடக் கத்திய பறவை அது, இப்போது டோனெகல், மேயோ, கால்வே கடலோரத்திலும் தீவுகளிலும்தான் மிச்சம், கத்துகிற ஆண் பறவைகள் நாடு முழுக்க 200 சொச்சம்தான். அதில் ஒன்று உங்கள் ஜன்னலுக்குக் கீழே.

வெஸ்ட்போர்ட் தங்கை
அய்யோ அக்கா, எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லையே. படம் எடுத்துப் போடுங்களேன் அண்ணா!

பெல்முல்லட் அக்கா
படமெல்லாம் கிடைக்காது தங்கச்சி. சத்தம் ஒரு கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும், ஆளை மட்டும் பார்க்க முடியாது, உயரமான புல்லை விட்டு வெளியே வரவே வராது. பழுப்பு நிறம், புறாவைவிடச் சிறியது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு சஹாராவுக்குத் தெற்கே இருந்து பறந்து வருகிறது. ஏப்ரல் கடைசியில் வரும்போது இங்கே புல் வளர்ந்திருக்காது, அதனால் வேலியோரத்தில், தொட்டால் அரிக்கிற நெட்டில் செடியும் மஞ்சள் ஐரிஸும் அடர்ந்த மூலையில் ஒளிந்துகொள்ளும். புல் உயர்ந்ததும் வயலுக்குள் போய் முட்டை வைக்கும்.

புது வீடு தம்பி
அக்கா, அந்த நெட்டில் மூலையைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வெட்டலாம் என்று இருந்தேன். குழந்தைக்கு அரிக்கிறது. அப்படியே செடி வேலியையும் கொஞ்சம் வெட்டி ஒதுக்கிவிடலாம் என்று மெஷின் வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன்.

பெல்முல்லட் அக்கா
வேண்டாம் தம்பி! தயவுசெய்து மெஷினை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேலியை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தொடக்கூடாது, சட்டமே இருக்கிறது, எல்லாப் பறவையும் கூடு வைக்கிற காலம். நெட்டில் மூலையையும் அப்படியே விடுங்கள், குழந்தை போகாமல் ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாம். நாய் இருந்தால் அந்தப் பக்கம் அவிழ்த்து விடாதீர்கள். வயல்காரரும் ஆகஸ்ட் வரை புல்லை வெட்டாமல் இருந்தால் நல்லது.

காஸில்பார் அண்ணன்
ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த வயல்காரர் ஆகஸ்ட் வரை புல் வெட்டாமல் இருந்தால் மாட்டுக்குக் குளிர்காலத்தில் என்ன போடுவார்? ஒரு பறவைக்காக மனுஷன் பிழைப்பை விட முடியுமா?

பெல்முல்லட் அக்கா
நியாயமான கேள்வி அண்ணா. பிழைப்பை விடச் சொல்லவில்லை. புல் முற்றினால் சத்துக் குறையும், அந்த நஷ்டத்துக்குத்தான் அரசு பணம் கொடுக்கிறது. 2021இல் கார்ன்கிரேக் லைஃப் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள், வயல்காரர்களோடு பேசி, எந்த மூலையில் புல்லை விடுவது, எப்போது வெட்டுவது என்று அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்தார்கள். இந்தப் பறவை அழிந்ததே வெட்டுகிற விதத்தால்தான். முன்பு கையால் அரிவாள் பிடித்து மெதுவாக, கோடை கழியும் நேரத்தில் வைக்கோலுக்கு வெட்டினார்கள். டிராக்டர் வந்தது, பச்சைப் புல்லையே புளிக்க வைத்துத் தீவனமாகச் சேமிக்கிற சைலேஜ் வந்தது, மே கடைசியிலேயே வெட்டு தொடங்கிவிட்டது. டிராக்டர் வயலின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வரும். குஞ்சுகள் வெட்டவெளியைத் தாண்டாது, பயந்து நடுவிலேயே நெருங்கி நெருங்கிப் போகும். கடைசித் துண்டுப் புல்லை வெட்டும்போது எல்லாம் அங்கேதான் இருக்கும்.

வெஸ்ட்போர்ட் தங்கை
ஐயோ பாவம்.

பெல்முல்லட் அக்கா
எங்கள் பக்கத்து வயல் பெரியவர் இப்போது தலைகீழாகச் செய்கிறார். நடுவில் இறங்கி, நடந்து போகிற வேகத்தில், உள்ளேயிருந்து வெளியே வெட்டிக்கொண்டு வருவார். ஓரத்தில் ஒரு பட்டை புல்லை விட்டுவிடுவார். போன ஆகஸ்டில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிராக்டருக்கு முன்னால் புல் நுனி ஒரு கோடாக ஆடியது, காற்றே இல்லை, அந்தக் கோடு மட்டும் ஓரத்தை நோக்கி நகர்ந்தது. இரண்டு சக்கரத் தடத்துக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு குஞ்சு, கட்டைவிரல் அளவு தலை, வெளியே வந்து நின்று, மறுபடி புல்லுக்குள் போய்விட்டது. அவர் வண்டியை அணைத்துவிட்டுச் சிகரெட் பற்ற வைத்தார், அது போகட்டும் என்று காத்திருந்து அப்புறம்தான் கிளப்பினார். எண்பது வயதை நெருங்குகிறார். சின்ன வயதில் இந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன் என்று சொல்லுவார்.

காஸில்பார் அண்ணன்
சரிதான் அக்கா. எனக்கு இந்தக் கணக்கு தெரியாது.

புது வீடு தம்பி
இது எத்தனை நாள் கத்தும் அக்கா?

பெல்முல்லட் அக்கா
ஜூலை வரைக்கும் தம்பி. நடு ராத்திரிதான் ரொம்ப மும்முரம், மூன்று மணிக்கு மேல் கொஞ்சம் அடங்கும். குழந்தையை ரோட்டுப் பக்க அறைக்கு மாற்றுங்கள். மனைவிக்குக் காதில் வைக்கிற பஞ்சு அடைப்பான் நான் அனுப்புகிறேன், நைட் ஷிப்டுக்கு வாங்கி வைத்தது நிறைய இருக்கிறது. சத்தம் கேட்டதாகத் தேசியப் பூங்கா வனவிலங்குத் துறைக்குச் சொல்லிவிடுங்கள், களப்பணியாளர் வந்து குறித்துக்கொண்டு போவார். வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள், அவருக்குப் பெருமையாக இருக்கும்.

வெஸ்ட்போர்ட் தங்கை
அக்கா, குளிர்காலத்தில் உங்கள் பக்கம் வாத்துக் கூட்டம் வரும் என்றீர்களே, அதுவும் இதே இடமா?

பெல்முல்லட் அக்கா
அது பார்னக்கிள் வாத்து, அக்டோபரில் கிரீன்லாந்திலிருந்து வரும், ஏப்ரலில் கிளம்பிவிடும். கார்ன்கிரேக் வருகிற நேரம் அது போகும். ராத்திரி இனிஷ்கீ தீவுகளில் தங்கும், அங்கேயே மேயும், சில நாள் இந்தப் பக்க வயல்களுக்கும் வரும். அந்தத் தீவுகளில் முன்பு ஊர் இருந்தது. 1927 அக்டோபரில் ஒரே ராத்திரி புயலில் மீன் பிடிக்கப் போன 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் எல்லாரும் தீவை விட்டுக் கரைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் முதியோர் இல்லத்தில் அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இருக்கிறார்கள், வாத்துகள் வந்துவிட்டதா என்று அக்டோபரில் என்னிடம்தான் முதலில் கேட்பார்கள். இப்போது சுவர் மட்டும் நிற்கிற வீடுகளுக்கு நடுவில் வாத்துகள் மேய்கின்றன, இலையுதிர் காலத்தில் மணலில் சாம்பல் நிற சீல்கள் குட்டி போடுகின்றன. டெர்மன்காரா ஏரிக்கு ஐஸ்லாந்திலிருந்து வூப்பர் அன்னம் வரும். நவம்பரில் வாருங்கள், காட்டுகிறேன்.

காஸில்பார் அண்ணன்
நவம்பர் இருக்கட்டும். இந்தச் சனிக்கிழமை ராத்திரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் இந்தச் சத்தத்தைக் கேட்க முடியுமா? தம்பிக்குத் தொந்தரவு இல்லையென்றால்.

புது வீடு தம்பி
வாருங்கள் அண்ணா, எப்படியும் விழித்துக்கொண்டுதான் இருப்போம். இட்லி ஊற்றி வைக்கச் சொல்கிறேன்.

பெல்முல்லட் அக்கா
தாராளமாக வாருங்கள், ஆனால் வயலுக்குள் யாரும் இறங்கக்கூடாது. போனில் அதன் சத்தத்தைப் போட்டு வெளியே வரவழைக்கவும் கூடாது, வேறு ஆண் பறவை வந்துவிட்டது என்று அது அலைக்கழியும். டார்ச் வேண்டாம். பதினொன்றரைக்கு மேல் வந்தால் போதும், இப்போது பத்தேகால் வரை வெளிச்சம் இருக்கிறது. காரைச் சந்தில் நிறுத்தாதீர்கள், ஞாயிறு காலை டர்ஃப் (எரிக்க வெட்டிக் காயவைக்கிற மண்கட்டி) அடுக்கப் போகிறவர்களின் டிராக்டர் அந்த வழியாகத்தான் போகும், சர்ச்சுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

காஸில்பார் அண்ணன்
சரி அக்கா. சாம்பார் நாங்கள் கொண்டு வருகிறோம்.

புது வீடு தம்பி
மெஷின்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் அக்கா. மூலையில் கயிறும் கட்டிவிட்டேன்.