ஒரே வாயில் நின்ற அடைப்பும் விழுந்த அடைப்பும்

யாழ்ப்பாணத்தில் பல் வைத்தியராகத் தொழில் செய்யும் எனக்கு, பல் நிறத்தில் வைத்த அடைப்பு விழுந்துவிட்டதென்று வருபவர்கள் முதலில் சொல்லும் காரணம் "சீமெந்து சரியில்லை" என்பதே. பொருளில் குறை இருப்பதும் உண்டுதான். ஆனாலும் நான் பார்த்த அளவில், அடைப்பு எத்தனை காலம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அது பல்லின் எந்தப் பகுதியில் ஒட்டியிருக்கிறது என்பதும், ஒட்டிய வேளையில் அந்த இடம் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதுமே.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் கொக்குவில் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கீழ்க் கடைவாய்ப் பக்கத்துச் சிறு பல்லின் கழுத்திலிருந்து கழன்ற அடைப்பைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். பல ஆண்டுகள் அழுத்தித் துலக்கியதால் முரசோரத்தில் ஏற்பட்ட பள்ளம் அது. உருப்பெருக்கியில் பார்த்தபோது, கழன்ற துண்டின் உட்பக்கம் வழுவழுவென்று மினுங்கியது. பல்லின் துகள் எதுவும் அதில் இல்லை. அதாவது, அடைப்பு உடையவில்லை, ஒட்டுத்தான் விட்டிருந்தது. அதே வாயில், முனை உடைந்த முன்பல்லில் அதற்கும் பல வருடங்கள் முன்னதாக வைத்த, ரெசின் என்ற பல் நிற அடைப்புப் பொருளின் ஓரம் கறுக்காமல் இருந்தது.

"டொக்டர், முன்பல்லு இவ்வளவு காலமா நிக்குது, இது மட்டும் ஏன் விட்டது? சீமெந்து வேறயோ?" என்று கேட்டார்.

"சீமெந்து ஒண்டுதான் ரீச்சர், ஒட்டின இடம்தான் வேற" என்றேன்.

முன்பல்லின் ரெசின் பெரும்பாலும் பல்லின் கடினமான வெளியுறையான எனாமலைப் பிடித்திருந்தது. எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். பொஸ்போரிக் அமிலத்தால் அதன் மேற்பரப்பை அரித்தால் நுண்ணிய துளைகள் உண்டாகி, அவற்றுள் ரெசின் புகுந்து இறுகிக்கொள்ளும். இப்படி அமிலத்தால் அரித்து ஒட்டும் வழியை 1955 இல் அமெரிக்கப் பல் ஆய்வாளர் மைக்கல் புவனகோர் வெளியிட்டார். இன்று அமிலச் செறிவு 37 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தாலும் அடிப்படை மாறவில்லை; அந்த ஒட்டு நெடுங்காலம் தாங்குகிறது.

கழுத்துப் பகுதியில் கிடைப்பதோ பெரும்பாலும் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின். அதில் கனிமம் 70 சதவீதம் அளவே. மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நாரும் நீரும். அமிலம் கனிமத்தைக் கரைத்தபின் வெளிப்படும் நார்களுக்கிடையே ரெசின் ஊறி ஒரு கலப்புப் படலமாக மாறுவதை 1982 இல் ஜப்பானின் நாக்காபயாஷி குழுவினர் விளக்கினர். சிக்கல் தொடங்குவதும் அந்தப் படலத்திலேயே. அதிகம் உலர்த்தினால், நனைந்த தும்பு காய்ந்து படிவதுபோல நார்கள் அமுங்கி ரெசினுக்கு வழிவிடா. ஈரம் மிகுந்தால் ரெசின் நீர்த்துப்போகும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ரெசின் எட்டாத நார்கள் சில அடியில் எஞ்சிவிடுகின்றன. நாளடைவில் நீர் ரெசினைச் சிதைக்க, டென்டினுக்குள் இயல்பாகவே இருக்கும் நொதிகள் அந்த மூடப்படாத கொலாஜனை அரிக்கின்றன. பல்லே தன் ஒட்டைத் தளர்த்துகிறது என்பதை நோயாளிகளுக்கு நம்பவைப்பது எளிதல்ல. இந்த நொதிகளை அடக்கக் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியைப் பூசும் முறை உண்டு; ஆய்வுக்கூடத்தில் அது காட்டிய பலன் நோயாளிகளின் வாயில் அதே தெளிவுடன் தெரியவில்லை.

ஒட்டு இப்படித் தளர்ந்த இடத்தில் ஏற்படும் கசிவை வெற்றிலை போடும் முதியவர்களிடம் கண்ணாலேயே காணலாம். ஆய்வாளர்கள் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் பல்லை ஊறவைத்துத் தேடும் இடைவெளியை, வெற்றிலைக் கறை அடைப்பின் ஓரத்தில் செம்பழுப்புக் கோடாக வரைந்துவிடுகிறது. கோடு தெரிவதாலேயே உள்ளே சொத்தை என்று முடிவுகட்டி அடைப்பைத் தோண்டி எடுப்பதை நான் ஏற்பதில்லை.

பல்வலிக்குக் கராம்பு எண்ணெய் தோய்த்த பஞ்சைக் குழிக்குள் வைத்தபடி வருபவர்களும் நம் ஊரில் குறைவில்லை. அதிலுள்ள யூஜினோல் ரெசின் இறுகுவதைத் தடுக்கும். அத்தகையவர்களுக்கு அன்றே ரெசின் வைக்காமல், குழியைச் சுத்தஞ்செய்து கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகைச் சீமெந்தால் தற்காலிகமாக மூடி, பிறகு வரச்சொல்கிறேன். பயணச் செலவை நினைத்துச் சிலர் வருந்தினாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆசிரியையின் பல்லுக்கு இரண்டு வழிகள் இருந்தன. கிளாஸ் அயனோமர் பல்லிலுள்ள கல்சியத்துடன் தானாகவே பிணைந்து புளோரைட்டையும் வெளியிடும். ஆனால் ரெசினைப்போல் மினுக்கம் பெறாது, தேய்மானமும் அதிகம். மற்றையது, எம்டிபி என்ற மூலக்கூறு கொண்ட, டென்டினுக்குத் தனி அமிலக் கழுவல் வேண்டாத ஒட்டுப்பொருளால் ரெசினை ஒட்டுவது. அந்த ஒட்டுப்பொருளும் கல்சியத்துடன் இரசாயன முறையில் பிணைகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் இத்தகைய ஒட்டுப்பொருளால் வைத்த கழுத்து அடைப்புகளை 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது மிகப் பெரும்பாலானவை விழாமல் நின்றன. பேசும்போது அந்தப் பல் தெரியும் என்பதால் அவர் இரண்டாவதையே விரும்பினார். முரசுக்கும் பல்லுக்கும் இடையே நூல் செருகி, இறப்பர் திரையிட்டு எச்சிலை விலக்கியபின், எனாமல் ஓரத்தை மட்டும் அமிலத்தால் அரித்து, ஒட்டுப்பொருளைப் பூசி, ரெசினை மெல்லிய படைகளாக வைத்து ஒளிபாய்ச்சி இறுக்கினேன். மென்மையான தூரிகைக்கு மாறும்படி சொல்லியனுப்பினேன். பழைய தூரிகையால் அழுத்தித் துலக்கினால் அடைப்பு நின்றாலும் அதன் கீழே புதுப் பள்ளம் விழும்.